மதுரை ஊருக்குள் விழா எடுக்க: மகாலிலிருந்து தமுக்கம் வரை ஒரு மதிப்பீடு

மதுரையில் நிகழ்ச்சி நடத்த இடம் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பேர் உட்காரலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) எதுவரை வரும்?" என்பது. ஊரின் அமைப்பு அப்படி. கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. உள்வீதிகள் சாமி புறப்பாட்டுக்கு ஏற்றவை, சரக்கு இறக்க ஏற்றவை அல்ல. சித்திரை வீதியில் வண்டிக்கே அனுமதி கிடையாது. ஆவணி மூல வீதியிலும் மாசி வீதியிலும் பகல் நேரத்தில் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸை இறக்கி வைப்பதற்குள் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும். வெளி வீதிகளில்தான் கொஞ்சம் மூச்சுவிட முடியும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்த இடத்தில் உருவான வீதிகள் அவை. திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகும் வழியில் இருக்கும் விளக்குத்தூண் அவர் நினைவாக நட்டதுதான்.

ஆகவே வெளி வீதிக்கு வெளியே இருக்கும் அரங்கம் என்றால் சாமான்களை நிகழ்ச்சி அன்று மதியம் இறக்கினால் போதும். மாசி வீதிக்கு உள்ளே என்றால் முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் இறக்கிவிட வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தால் மைக் செட் வாடகையும் ஆள் கூலியும் ஒரு நாள் கூடும். மண்டப வாடகையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

திருமலை நாயக்கர் மகாலை விழா அரங்கமாக யாரும் வாடகைக்குப் பிடிக்க முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது. ஆனாலும் இந்த ஊரில் வெளியூர் விருந்தினரை மாலையில் கூட்டிப்போய் உட்காரவைக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பதால் முதலில் இதைப் பற்றி. 1636-இல் கட்டி முடித்த அரண்மனையில் இன்று நிற்பது ஏறத்தாழ கால்பங்குதான். மீதியை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்தில் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். நெசவுத்துணிக் கடைகளுக்கு நடுவே சந்துக்குள் நிற்கும் பத்துத் தூண்களும் இந்த அரண்மனை வளாகத்தின் மிச்சம்தான். மகாலைப் பார்த்தவர்களில் பலர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நடந்தே போய்வரும் தூரம்தான். 1860-களின் பிற்பகுதியில் சென்னை கவர்னர் நேப்பியர் எடுத்த சீரமைப்பு வேலை இல்லாவிட்டால் இந்தக் கால்பங்கும் மிஞ்சியிருக்காது. பின்னர் நெடுங்காலம் மாவட்ட நீதிமன்றம் இங்கேதான் நடந்தது.

உள்ளே போனதும் முற்றம். சுற்றிலும் தூண்கள். எதிரே மன்னர் கொலு வீற்றிருந்த சொர்க்க விலாசம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தூணின் அடிப்பகுதியைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். தூணின் மேல் முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு, மேல் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, அதைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. மேல் பூச்சு மிக மெல்லியது. அதில்தான் காதலர்கள் பெயரும் கல்லூரிப் பெயரும் கீறப்பட்டிருக்கின்றன. ஆணியால் ஒரு கோடு இழுத்தால் மெருகு போய், உள்ளே இருக்கும் சொரசொரப்பான சாந்து வெளியே வந்துவிடும். அந்த ஓரிடத்தை மட்டும் பூசிச் சரிசெய்ய முடியாது, நிறம் காட்டிக்கொடுக்கும். சிமென்ட் வைத்து அடைத்தால் நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும், சிமென்ட் விடாது. அடைபட்ட ஈரம் பக்கத்துப் பூச்சில் உப்பாகப் பூத்து, செதில் செதிலாக உதிர வைக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் காட்டிச் சொன்னால் அடுத்த தூணாவது தப்பும்.

மாலை ஒலி ஒளிக் காட்சியில் திருமலை நாயக்கரின் வரலாறும் சிலப்பதிகாரக் கதையும் வரும். வழக்கமாக முதல் காட்சி ஆங்கிலத்தில், இரண்டாவது தமிழில். தமிழ்க் காட்சி எட்டு மணி அளவில் தொடங்கும். பராமரிப்பு வேலைக்காக அவ்வப்போது காட்சியை நிறுத்திவிடுவார்கள். ஆகவே பேருந்து ஏற்பாடு செய்யும் முன் அன்று காலையே டிக்கெட் கவுண்டரில் ஆள் அனுப்பி விசாரித்துக்கொள்ள வேண்டும். உட்காரும்போது முன்வரிசைக்குப் போட்டி போட வேண்டாம். ஒளி மாறி மாறி விழுவது தூண்களிலும் வளைவுகளிலும். முன்னால் உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பின்வரிசையில் நடுவே உட்கார்ந்தால் முற்றம் முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். குரல் சில இடங்களில் குழறும். காரணம் ஸ்பீக்கர் மட்டும் அல்ல. சொர்க்க விலாசத்தின் மாடத்துக்குக் கீழே நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்தால் தெரியும், ஒலி மேலே போய்ச் சுற்றி இறங்க நேரம் எடுக்கும். வல்லின எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கிப்போகும். நாகஸ்வரத்துக்கு இந்த இடம் அற்புதம், மேடைப் பேச்சுக்குச் சோதனை. அரசு விழாக்கள் இங்கே நடக்கும்போது முன்னால் இரண்டு பெரிய பாக்ஸ் வைப்பதைவிட, பக்கவாட்டில் இடுப்புயரத்தில் சிறிய ஸ்பீக்கர்களைத் தூணுக்கு ஒன்றாக வைத்துக் குறைந்த ஒலியில் விட்டால் பேச்சு தெளிவாக விழும்.

கீழக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபமும் வாடகைக்குக் கிடைக்கும் இடம் இல்லை. வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது; கோடையில் நடு மேடையைச் சுற்றித் தண்ணீர் நிறுத்திக் குளிர்ச்சி உண்டாக்க வழி செய்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் தூண்களுக்கு இடையே இருந்தன. அவற்றைக் குன்னத்தூர் சத்திரம் வளாகத்துக்கு மாற்றிய பிறகுதான் நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கோயில் உடைகளும் பரதநாட்டிய உடைகளும் தைக்கக் கொடுக்க வேண்டியவர்கள் பழைய நினைப்பில் இங்கே வந்து தேடாமல் நேராகக் குன்னத்தூர் சத்திரத்துக்கே போகலாம். மண்டபத்துக்குக் கிழக்கே நிற்கும் முடிவுபெறாத ராயகோபுரத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். அடித்தளத்தின் அளவைப் பார்த்தாலே மேலே எவ்வளவு உயரம் நினைத்தார்கள் என்று புரியும்.

ரயில்வே ஜங்ஷனை ஒட்டி மேல வெளி வீதியில் இருக்கும் விக்டோரியா எட்வர்ட் மன்றம் வேறு வகை. பகலில் நூலகமும் வாசிப்பும், மாலையில் ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம் என்று ஒரே கட்டடம் இரண்டு வேலை பார்த்த இடம். அந்தக் காலத்தில் உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் வைத்தது காற்றுக்காக. இன்றைக்கு அதே சன்னல்கள் வழியாக வெளி வீதியின் பஸ் சத்தம் உள்ளே வரும். இந்த மாதிரிக் கட்டடங்களில் கூட்டம் நடத்தினால் சன்னலைச் சாத்தி ஃபேனைக் கூட்டுவார்கள், ஃபேன் சத்தத்தை மீற மைக்கைக் கூட்டுவார்கள், கூட்டிய மைக் ஊளையிடும். காலை ஒன்பது மணிக்குள்ளோ, ஞாயிற்றுக்கிழமையோ வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

மேல மாசி வீதியில் காந்தி தங்கிய வீடு, சுற்றிக் காட்டுபவர்கள் தவறவிடும் இன்னொரு இடம். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறியது இந்த வீட்டு மாடியில்தான். கீழே கதர்க் கடை. வாசலில் நின்று பேச இடம் கிடையாது, பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கூட்டிப் போகாதீர்கள்.

இனி, உண்மையிலேயே நிகழ்ச்சி நடத்தக் கிடைக்கும் அரங்கங்கள்.

சிம்மக்கல் பக்கம் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நூல் வெளியீடு, கருத்தரங்கம், இலக்கியக் கூட்டம் என்றால் இடத்தின் பெயரே பாதி அழைப்பிதழ். காமராஜர் சாலையில் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கத்தின் கட்டடம் வியாபாரக் கூட்டங்களுக்கும் பயிலரங்குகளுக்கும் பொருத்தம். காமராஜர் சாலையில் எந்த அரங்கம் பிடித்தாலும் தைத் தெப்பத் திருநாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று அம்மனும் சுவாமியும் அந்த வழியாகத்தான் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போவார்கள், வண்டி நகராது.

இசைக்கு வைகையின் வடகரைக்குத்தான் போக வேண்டும். தல்லாகுளம் கோகலே சாலையில் உள்ள லட்சுமி சுந்தரம் ஹால், சத்குரு சங்கீத சமாஜத்தின் அரங்கம். டாக்டர் தங்கராஜ் சாலையில் ராஜா முத்தையா மன்றம். மதுரைத் தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடப்பது அங்கே. இந்த இரண்டுக்கும் ஊருக்குள் இருக்கும் எந்தக் கல்யாண மண்டபமும் ஈடாகாது என்பதைத் தயங்காமல் சொல்லலாம். கல்யாண மண்டபத்தின் சுவர் டைல்ஸ், தரை கிரானைட், கூரை தட்டை. மூன்றும் ஒலியைத் திருப்பி அடிக்கும். மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) ஒலி பின்வரிசையில் வெறும் இரைச்சலாகப் போய்ச் சேரும். கேட்பதற்கென்றே கட்டிய அரங்கத்தில் மைக்கைக் குறைத்து வைத்தே கச்சேரி நடத்தலாம். பாடகருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடமோ கஞ்சிராவோ இருந்தால் ஒன்று, தம்புராவுக்கு ஒன்று, ஆக ஆறு மைக் போதும். மேடை மானிட்டரை (கலைஞர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஆளுக்கொன்று கேட்டு வாங்கினால் ஊளைச் சத்தத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே முதல் உருப்படி போய்விடும்.

தமுக்கம் இந்த ஊருக்கே பொதுவான மைதானம். நாயக்கர் காலத்தில் விளையாட்டும் யானைச் சண்டையும் பார்க்க மாளிகையோடு இருந்த இடம். அந்த மாளிகையில்தான் இன்றைக்குக் காந்தி அருங்காட்சியகம். 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி உள்ளே இருக்கிறது. 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வைத்த தமிழ் அன்னை சிலை மைதானத்தின் அடையாளம். 2022-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கட்டிய மாநாட்டு மையம் திறந்தபின் புத்தகத் திருவிழாவும் வணிகக் கண்காட்சிகளும் மழைக்குப் பயப்படாமல் நடக்கின்றன. முன்பு சாமியானாவுக்குள் புத்தகக் கட்டைத் தார்ப்பாயால் மூடிக் காப்பாற்றிய கடைக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் முந்நூறு பேர் வரும் விழாவுக்கு இதை எடுக்காதீர்கள். பெரிய கூடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்தால் கூட்டமே வராத மாதிரித் தெரியும், பேச்சாளருக்கும் உற்சாகம் போய்விடும். ஆயிரத்துக்கு மேல் என்றால் எடுக்கலாம். அப்போது ஒலி அமைப்பில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்வரிசைக்காக நடுவில் கூடுதல் ஸ்பீக்கர் வைப்பார்கள். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி அதை வைத்தால், மேடை ஸ்பீக்கரின் ஒலி அங்கே வந்துசேர ஏறத்தாழ 58 மில்லி விநாடி ஆகும். அந்த அளவு தாமதத்தை மிக்சரில் போடாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். மைக் செட்காரரிடம் "டிலே போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, நடு ஸ்பீக்கருக்குப் பின்னால் பத்தாவது வரிசையில் நீங்களே போய் நின்று கேளுங்கள்.

ஊர் நடுவே ஆயிரம் இரண்டாயிரம் பேருக்கு ஒரு நல்ல உள்ளரங்கம் இன்றும் இல்லை என்பது பெரிய குறைதான். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952-இல் திறந்த தங்கம் தியேட்டர் 2,563 இருக்கைகளோடு இருந்தது. ரயிலில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. அப்படி ஒன்றைக் காப்பாற்றி அரங்கமாக மாற்றியிருந்தால் வடகரைக்கு ஆற்றைத் தாண்டி, கோரிப்பாளையம் நெரிசலில் மாட்டி, அத்தனை பேரும் போக வேண்டிய அவசியம் வந்திருக்காது. வெளியூர்க் கலைஞர்களைத் தங்கவைக்க மட்டும் ஜங்ஷன் பக்கமே வசதி. டவுன்ஹால் ரோட்டிலும் பெருமாள் மேஸ்திரி வீதிகளிலும் எல்லா வாடகையிலும் லாட்ஜ் உண்டு. கார் நிறுத்த வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு நிறுத்துமிடம் இருக்கிறது.

வெளி வீதிகளை ஒட்டிய கல்யாண மண்டபங்களில் விழா வைப்பவர்கள் மாடி ஹாலைப் பார்த்து மயங்காமல் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய் இலை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பந்தி உட்கார்ந்து எழுந்து, இலை எடுத்து, மேஜை துடைத்து அடுத்த பந்தி உட்கார 35 முதல் 40 நிமிடம் ஆகும். 120 பேர் உட்காரும் கூடத்தில் 600 பேருக்கு ஐந்து பந்தி, ஏறத்தாழ மூன்று மணி நேரம். 200 பேர் உட்காரலாம் என்றால் மூன்று பந்தி, இரண்டு மணி நேரம். மாலை விழாவில் இந்த ஒரு மணி நேரம்தான் கடைசிப் பேச்சாளர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவாரா என்பதைத் தீர்மானிக்கும்.

கரண்ட் அடுத்த விஷயம். ஆயிரம் வாட் பார் லைட் (மேடை விளக்கு) 24 வைத்தால் 24 கிலோவாட். ஒரே ஃபேஸில் போட்டால் நூறு ஆம்பியர் தாண்டும், ஃபியூஸ் நிற்காது. மூன்று ஃபேஸிலும் பிரித்தால் ஃபேஸுக்கு 35 ஆம்பியர் அளவில் அடங்கும். எல்இடி பார் லைட் என்றால் ஒன்று சுமார் 150 வாட். 24-க்கும் சேர்த்து நாலு கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும், மேடையில் ஆடுபவர்களுக்குச் சூடும் இருக்காது. பழைய கட்டடங்களில் எல்இடி மட்டும் போடச் சொல்லுங்கள். ஒலிக்கும் ஒளிக்கும் வேறு வேறு ஃபேஸ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைத் திருகும்போதெல்லாம் ஸ்பீக்கரில் இரைச்சல் ஏறும். ஜெனரேட்டர் "இருக்கிறது" என்று மண்டபத்தில் சொன்னால், அது மேடை லோடையும் தாங்குமா, லிஃப்டுக்கும் விளக்குக்கும் மட்டும்தானா என்று கேளுங்கள். பல இடங்களில் இரண்டாவதுதான்.

திறந்த வெளியில் நடத்தினால் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது; 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ளது. மூடிய அரங்கத்துக்குள் ஒலி வெளியே போகாமல் நடத்தினால் விலக்கு உண்டு. நாடகம், நீண்ட கச்சேரி நடத்துபவர்கள் அரங்கத்தைத் தேர்ந்தெடுக்க இதுவே போதுமான காரணம்.

தேதி விஷயத்தில் பஞ்சாங்கம் கையில் இல்லாமல் மதுரையில் இடம் பிடிக்கக் கூடாது. சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மாசி வீதிகள் இருக்காது. அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளிலும் அவர் ஆற்றில் இறங்கும் நாளிலும் தல்லாகுளம், தமுக்கம், கோரிப்பாளையம் முழுக்க மக்கள். அந்த வாரத்தில் இந்த வட்டாரத்தில் எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள், வாடகை இனாமாகக் கொடுத்தாலும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக் கூட்டத்தில் நடக்கவே முடியாது. ஆவணி, தை, வைகாசி முகூர்த்த நாட்களில் மண்டபங்கள் பல மாதம் முன்பே போய்விடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் அதே மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். நூல் வெளியீடு, நாட்டிய அரங்கேற்றம், பட்டிமன்றம் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. மார்கழியில் வெக்கையும் இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும்போது ரசீதில் ஐந்து விஷயம் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், துப்புரவுக் கட்டணம் எவ்வளவு, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, வாடகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா தனியா. "ஒரு நாள்" என்றால் சில மண்டபங்களில் காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு, சிலவற்றில் மாலை மூன்று முதல் மறுநாள் மதியம் மூன்று. கரண்ட் கட்டணம் யூனிட் கணக்கில் என்றால், சாவி வாங்கியதும் ஒரு தடவை, ஒப்படைக்கும்போது ஒரு தடவை மீட்டரைப் போட்டோ எடுத்து மானேஜருக்கு அப்போதே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள்.